கிளியர்லி: ஒரே சொல், இரண்டு வேலை – முழுமையான வழிகாட்டி

"ஹீ இஸ் கிளியர்லி லையிங்" என்ற ஆங்கில வாக்கியத்தைப் பலர் "அவன் தெளிவாகப் பொய் சொல்கிறான்" என்று தமிழாக்கிவிடுகிறார்கள். தமிழில் அதற்கு என்ன அர்த்தம்? தடுமாறாமல், குரல் பிசிறாமல், கோர்வையாகப் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். ஆங்கில வாக்கியம் சொல்வது வேறு. அவன் சொல்வது பொய் என்பது கேட்கிறவருக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது. "அவன் சொல்வது பொய்தான்" என்றோ "பொய் சொல்கிறான் என்பது பார்த்தாலே தெரிகிறது" என்றோ எழுதினால்தான் கருத்து சரியாக வந்து சேரும்.

அகராதியில் கிளியர்லிக்கு "தெளிவாக" என்று போட்டிருக்கும். அது தவறில்லை, ஆனால் பாதிதான். இந்தச் சொல் ஆங்கிலத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. எந்த வேலை பார்க்கிறது என்பதைப் பெரும்பாலும் வாக்கியத்தில் அது நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. தமிழில் வினையடை ஏறக்குறைய எப்போதும் வினைக்கு முன்னால் வந்து நிற்பதால், இந்த இட மாற்றம் நம் காதில் எளிதில் உறைப்பதில்லை. கிளியர்லியில் நாம் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்த்தல்

முதல் வேலை, ஒரு செயல் எந்த விதத்தில் நடக்கிறது என்று சொல்வது. "ஷீ ஸ்பீக்ஸ் கிளியர்லி" என்றால் அவர் தெளிவாகப் பேசுகிறார். "ஐ கேன் சீ கிளியர்லி" என்றால் எனக்கு நன்றாகத் தெரிகிறது. பேசுவது, எழுதுவது, பார்ப்பது, கேட்பது, யோசிப்பது, நினைவு வைத்திருப்பது, விளக்குவது ஆகிய வினைகளோடுதான் கிளியர்லி இந்தப் பொருளில் அதிகம் சேர்கிறது.

இரண்டாவது வேலை, சொல்லப்படும் செய்தியைப் பற்றிச் சொல்பவரின் முடிவைத் தெரிவிப்பது. "கிளியர்லி, தி லெட்டர் ஹேஸ் நாட் ரீச்ட் ஹெர்" என்ற வாக்கியத்தில் தெளிவாக நடக்கும் செயல் எதுவுமே இல்லை. கடிதம் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று, கையில் கிடைத்த அடையாளங்களை வைத்துப் பேசுகிறவர் முடிவுகட்டுகிறார். "கடிதம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது தெரிகிறது" என்பது இதன் தமிழ்.

ஒரு வாக்கியத்தில் எந்த வேலை நடக்கிறது என்று குழப்பம் வந்தால் கிளியர்லியை எடுத்துவிட்டு இரண்டு சொற்றொடர்களைப் பொருத்திப் பாருங்கள். "இன் எ கிளியர் வே" பொருந்தினால் முதல் வேலை. "இட் இஸ் கிளியர் தட்" என்று வாக்கியத்தைத் தொடங்க முடிந்தால் இரண்டாவது. "ஷீ இஸ் கிளியர்லி டயர்ட்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவான முறையில் களைத்திருக்கிறார் என்பது பொருளற்ற பேச்சு. அவர் களைத்திருக்கிறார் என்பது தெரிகிறது என்பது பொருத்தம். எனவே இரண்டாவது வேலை.

இன்னொரு சோதனையும் உண்டு. ஏவல் வாக்கியத்தில் இரண்டாவது வேலைக்கு இடமில்லை. "ரைட் கிளியர்லி" என்றால் தெளிவாக எழுது என்று மட்டுமே பொருள்படும். கேள்விகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். "கேன் யூ ஹியர் மீ கிளியர்லி?" என்பது இயல்பான ஆங்கிலம். "கிளியர்லி, ஆர் யூ டயர்ட்?" என்று யாரும் கேட்பதில்லை. ஒன்று தெரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே அதையே கேள்வியாகக் கேட்க முடியாதல்லவா.

தமிழாக்கும்போது முதல் வேலைக்குத் "தெளிவாக", "நன்றாக", "துலக்கமாக", "திருத்தமாக" என்று இடத்துக்கு ஏற்ற சொல் கிடைக்கும். இரண்டாவது வேலைக்குத் தனிச்சொல்லைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. நம்மிடம் "-தான்" இருக்கிறது. "என்பது தெரிகிறது", "பார்த்தாலே தெரிகிறது", "சந்தேகமே இல்லை" எல்லாம் இருக்கின்றன. "திஸ் இஸ் கிளியர்லி எ மிஸ்டேக்" என்பதற்கு "இது தெளிவாக ஒரு தவறு" என்று எழுதுவது தமிழாகாது. "இது தவறுதான், சந்தேகமில்லை" என்பது தமிழ்.

"தெளிவாக இருக்கிறது" என்ற பழக்கம் செய்யும் கேடு

தமிழில் "தண்ணீர் தெளிவாக இருக்கிறது" என்கிறோம். "-ஆக" விகுதியும் "இரு" என்ற வினையும் சேர்ந்து வருவது நமக்கு இயல்பு. "-ஆக" என்றதும் ஆங்கிலத்தில் "லி" சேர்க்க வேண்டும் என்று பள்ளியிலேயே பதிந்துவிடுகிறது. அதனால்தான் "தி வாட்டர் இஸ் கிளியர்லி" என்றும் "யுவர் ஆன்சர் இஸ் வெரி கிளியர்லி" என்றும் எழுதுகிறோம். இரண்டும் பிழை.

ஆங்கிலத்தில் "இஸ்", "வாஸ்", "பிகம்", "சீம்", "லுக்", "சவுண்ட்" போன்ற வினைகள் செயலைச் சொல்வதில்லை. எழுவாயின் தன்மையைச் சொல்கின்றன. பெயரின் தன்மையைச் சொல்ல ஆங்கிலத்துக்குப் பெயரடையே வேண்டும், வினையடை உதவாது. எனவே "தி வாட்டர் இஸ் கிளியர்", "யுவர் ஆன்சர் இஸ் வெரி கிளியர்", "தி பிக்சர் லுக்ஸ் கிளியர்" என்றுதான் வரும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. "ஸ்பீக் கிளியர்", "ரைட் கிளியர்", "ஐ காண்ட் ஹியர் யூ கிளியர்" என்று பேசுவது. பேசு, எழுது, கேள் ஆகியவை செயல்கள். அங்கே கிளியர்லிதான் வேண்டும். தொலைபேசியில் அடிக்கடி காதில் விழும் "யூ ஆர் நாட் கிளியர்" என்ற வாக்கியத்தையும் கவனியுங்கள். லைன் சரியில்லை என்று சொல்ல நினைத்து இதைச் சொல்கிறோம். எதிரில் இருப்பவருக்கோ "நீங்கள் சொல்வதே குழப்பமாக இருக்கிறது" என்று படலாம். "ஐ காண்ட் ஹியர் யூ கிளியர்லி" என்றால் பழி லைன் மேல் போய்விடும்.

ஒரு விலக்கு: "இஸ்" என்பதற்குப் பின்னால் கிளியர்லி வரவே கூடாது என்பதல்ல. அதற்கு அடுத்து இன்னொரு சொல் தொடர்ந்தால் வரலாம். "இட் இஸ் கிளியர்லி ராங்", "இட் இஸ் கிளியர்லி மார்க்ட்" இரண்டும் சரி. வாக்கியம் கிளியர்லியோடு நின்றுபோனால்தான் பிழை.

எங்கே வைப்பது

செயலின் விதத்தைச் சொல்லும்போது கிளியர்லிக்கு இயல்பான இடம் வினைக்குப் பின்னால், செயப்படுபொருள் இருந்தால் அதற்கும் பின்னால். "ஷீ எக்ஸ்பிளெய்ன்ட் தி ரூல் கிளியர்லி." இதை "ஷீ எக்ஸ்பிளெய்ன்ட் கிளியர்லி தி ரூல்" என்று வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் செருகினால் ஆங்கிலக் காதுக்கு இடறும். "விதியைத் தெளிவாக விளக்கினார்" என்ற தமிழில் "தெளிவாக" என்பதும் "விளக்கினார்" என்பதும் ஒட்டி நிற்கின்றன. அந்த ஒட்டுதலை ஆங்கிலத்திலும் காப்பாற்ற நினைத்தால் இந்தப் பிழை வரும்.

செயப்படுபொருள் நீளமாகவோ "தட்", "ஹவ்", "ஒய்" என்று தொடங்கும் தனித் தொடராகவோ இருந்தால் மட்டும் விதி தளர்கிறது. "ஹீ ஸ்டேட்டட் கிளியர்லி தட் தி ஆபீஸ் வுட் பி குளோஸ்ட்" என்பது சரி. கிளியர்லியைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் அது "குளோஸ்ட்" என்பதோடு ஒட்டிக்கொண்டு, அலுவலகம் தெளிவாக மூடப்படும் என்பதுபோல் வேடிக்கையாகிவிடும்.

செயப்பாட்டு வினையில் நிலைமை மாறுகிறது. "தி ரூல்ஸ் ஆர் கிளியர்லி ரிட்டன்", "தி பிரைஸ் மஸ்ட் பி கிளியர்லி மார்க்ட்" என்று வினையின் மூன்றாவது வடிவத்துக்கு (ரிட்டன், மார்க்ட்) முன்னால் வரும். படிவங்கள், அறிவிப்புகள், ஒப்பந்தங்களில் அதிகம் காணப்படுவது இந்த வடிவம்தான். "கிளியர்லி டிஃபைன்ட்", "கிளியர்லி விசிபிள்", "கிளியர்லி லேபிள்ட்", "கிளியர்லி ஸ்டேட்டட்" ஆகிய நான்கையும் அப்படியே மனதில் வைத்துக்கொண்டால் அலுவலக எழுத்துக்குப் பெரும்பாலும் போதும். இவற்றைப் பெயருக்கு முன் அடைமொழியாக வைக்கும்போதும் நடுவில் சிறுகோடு போட வேண்டாம். "லி" விகுதியில் முடியும் வினையடைக்குப் பின் சிறுகோடு தேவையில்லை என்பது ஆங்கில அச்சு மரபு. "கிளியர்-கட்" என்பது வேறு சொல். அதற்குச் சிறுகோடு உண்டு.

சொல்பவரின் முடிவைத் தெரிவிக்கும்போது மூன்று இடங்கள் உண்டு. வாக்கியத் தொடக்கம் முதலாவது. அப்போது கிளியர்லிக்குப் பின் காற்புள்ளி கட்டாயம். நடுப்பகுதி இரண்டாவது. துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்கு அடுத்து: "தி லெட்டர் ஹேஸ் கிளியர்லி நாட் ரீச்ட் ஹெர்." துணைவினை இல்லையென்றால் முதன்மை வினைக்கு முன்: "ஷீ கிளியர்லி லைக்ஸ் தி ஜாப்." "இஸ்", "வாஸ்" வந்தால் அதற்கு அடுத்து: "ஹீ வாஸ் கிளியர்லி ஆங்ரி." மூன்றாவதாகக் கடைசியில் காற்புள்ளி போட்டு ஒட்டுவது பேச்சில் நடக்கும். எழுத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

இனி சிக்கலான இடம். "ஷீ கிளியர்லி எக்ஸ்பிளெய்ன்ட் தி ரூல்" என்று வினைக்கு முன் வைத்தால் இரண்டு பொருளும் வரலாம்: தெளிவாக விளக்கினார், விளக்கினார் என்பதில் சந்தேகமில்லை. நேரில் பேசும்போது குரலின் ஏற்ற இறக்கம் வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அந்த உதவி இல்லை. புகார் மனு, விசாரணை அறிக்கை, மதிப்பீட்டுக் குறிப்பு ஆகியவற்றில் இந்த இருபொருளை விட்டுவைக்கக் கூடாது. முதல் பொருள் வேண்டுமானால் கடைசிக்குத் தள்ளுங்கள். இரண்டாவது வேண்டுமானால் "இட் இஸ் கிளியர் தட்" என்று விரித்து எழுதுங்கள். மூன்று சொல் கூடும், சந்தேகம் தீரும்.

"டு" என்பதற்கும் வினைக்கும் நடுவில், "டு கிளியர்லி எக்ஸ்பிளெய்ன்" என்று வைக்கலாமா என்பது பழைய சர்ச்சை. பழைய இலக்கண ஆசிரியர்கள் கண்டித்தார்கள். இன்றைய நடைக்கையேடுகள் பெரும்பாலும் அனுமதிக்கின்றன. கண்டிப்பான தேர்வாளர் திருத்தப்போகும் தாளில் "டு எக்ஸ்பிளெய்ன் இட் கிளியர்லி" என்று எழுதிவிட்டால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

"நாட்" எங்கே நிற்கிறது?

எதிர்மறை வாக்கியம்தான் கிளியர்லியில் மிக அதிகம் கவனிக்க வேண்டிய இடம். இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

"தி சைன் இஸ் நாட் கிளியர்லி விசிபிள்."
"தி சைன் இஸ் கிளியர்லி நாட் விசிபிள்."

முதல் வாக்கியத்தில் பலகை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் மங்கலாகவோ மரக்கிளை பாதி மறைத்தோ தெரிகிறது. இரண்டாவதில் பலகை தெரியவே இல்லை. அதில் சந்தேகமும் இல்லை. "பலகை தெளிவாகத் தெரியவில்லை" என்ற தமிழ் முதல் வாக்கியத்துக்கு உரியது. இரண்டாவதற்குப் "பலகை தெரியவேயில்லை, அது நிச்சயம்" என்று எழுத வேண்டும்.

விதி எளிது. "நாட்" முன்னால் வந்து கிளியர்லி பின்னால் வந்தால், எதிர்மறை கிளியர்லியைத் தாக்கும்: செயல் நடந்தது, தெளிவு இல்லை. கிளியர்லி முன்னால் வந்து "நாட்" பின்னால் வந்தால், எதிர்மறை செயலையே தாக்கும்: செயல் நடக்கவில்லை, அது திண்ணம்.

இதன் கனம் புகார்க் கடிதத்தில் தெரியும். அறுவை சிகிச்சைக்கு முன் பக்கவிளைவுகளைப் பற்றி மருத்துவர் அரைகுறையாகச் சொன்னார் என்றால் "தி ரிஸ்க்ஸ் வேர் நாட் கிளியர்லி எக்ஸ்பிளெய்ன்ட்" என்று எழுத வேண்டும். அவர் சொல்லவே இல்லை என்றால் "தி ரிஸ்க்ஸ் வேர் நாட் எக்ஸ்பிளெய்ன்ட் அட் ஆல்" என்று எழுதுவதே நல்லது. கிளியர்லியை அங்கே கொண்டுவரவே வேண்டாம். இரண்டும் இரண்டு வேறு குற்றச்சாட்டுகள். ஒன்றை நினைத்து மற்றொன்றை எழுதினால், பதில் எழுதுகிறவர் அந்த இடைவெளியிலேயே தப்பித்துக்கொள்வார்.

"லி" இல்லாமல் வரும் கிளியர்

செயலுக்கு அடுத்து வெறும் கிளியர் வரும் சில நிலைத்தொடர்கள் ஆங்கிலத்தில் உண்டு. "லவுட் அண்ட் கிளியர்" என்பது ரேடியோ தொடர்பிலும் பொதுப் பேச்சிலும் புழங்கும் தொடர். "ஐ ஹியர் யூ லவுட் அண்ட் கிளியர்" என்பதைக் கிளியர்லியாக மாற்றக் கூடாது. விமானத் தொடர்பில் ஒலியின் தரத்தை 1 முதல் 5 வரை எண்ணால் சொல்வார்கள். 1 என்றால் எதுவும் புரியவில்லை; 5 என்றால் முழுக்கப் புரிகிறது.

"ஸ்டாண்ட் கிளியர்", "கீப் கிளியர்", "ஸ்டியர் கிளியர்" ஆகியவற்றில் கிளியருக்குத் தெளிவு என்ற பொருளே கிடையாது. விலகி, ஒட்டாமல் என்று பொருள். நியூயார்க் சுரங்க ரயிலில் கதவு மூடும்போது ஒலிக்கும் "ஸ்டாண்ட் கிளியர் ஆஃப் தி குளோசிங் டோர்ஸ், பிளீஸ்" என்ற அறிவிப்பு, கதவை விட்டு விலகி நிற்கச் சொல்கிறது. இங்கே "லி" சேர்த்தால் வாக்கியமே சிதைந்துவிடும்.

ஒப்பிடும்போது "மோர் கிளியர்லி", "மோஸ்ட் கிளியர்லி" என்பவை முறையான வடிவங்கள். பேச்சில் "கிளியரர்" என்பதையும் வினையடையாகச் சொல்வார்கள்; எழுத்தில் வேண்டாம். எதிர்ச்சொல்லாக "அன்கிளியர்லி" என்று ஒன்றை உருவாக்க வேண்டாம். அது புழக்கத்தில் அநேகமாக இல்லை. "நாட் கிளியர்லி" அல்லது "வேக்லி" போதும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

கிளியர்லிக்குப் பதில் போடலாம் என்று பட்டியல்கள் தரும் சொற்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல.

மிக ஆபத்தான தவறு "அப்பாரண்ட்லி" என்பதில் நடக்கிறது. பழைய அகராதிகள் சிலவற்றில் "வெளிப்படையாக" என்று பொருள் போட்டிருப்பதைப் பார்த்து, கிளியர்லியின் இடத்தில் இதைப் போட்டுவிடுகிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் அப்பாரண்ட்லி உறுதியைக் குறைக்கும் சொல். "எனக்கு நேராகத் தெரியாது, அப்படித்தான் சொல்கிறார்கள்" என்பது அதன் உள்ளர்த்தம். நம் "-ஆம்" விகுதி இதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது: "அப்பாரண்ட்லி ஹீ இஸ் நாட் கமிங்" என்றால் "அவர் வரவில்லையாம்." சில இடங்களில் "போலிருக்கிறது" பொருந்தும். "தி பேமென்ட் வாஸ் கிளியர்லி மேட்" என்று எழுதினால் பணம் செலுத்தியதற்கு நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள். அப்பாரண்ட்லி என்று எழுதினால் யாரோ செலுத்தியதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். கணக்குத் தணிக்கையில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

"எவிடென்ட்லி" இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கண்முன் உள்ள அடையாளங்களைக் கொண்டு செய்யும் ஊகம். இச்சொல்லின் லத்தீன் வேரில் "பார்த்தல்" இருக்கிறது. நாற்காலியில் தூசி படிந்திருக்கிறது. "எவிடென்ட்லி நோபடி ஹேட் பீன் தேர்" என்கிறோம். யாரும் வந்திருக்கவில்லை என்று தெரிகிறது.

"அப்வியஸ்லி" என்பது கிளியர்லியை விடக் கூர்மையானது. அதன் லத்தீன் மூலத்துக்கு வழியில் எதிர்ப்படுவது என்று பொருள். தேடாமலே கண்ணில் படும் ஒன்று. ஆகவே "இது எவருக்கும் தெரியுமே" என்ற தொனி அதில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளரிடம் "அப்வியஸ்லி யூ நீட் டு சைன் தி ஃபார்ம்" என்றால், இதுகூடத் தெரியாதா என்று கேட்டதாகிவிடும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் "பிளீஸ் சைன் தி ஃபார்ம்" என்றால் காரியம் முடிந்தது.

"எக்ஸ்பிளிசிட்லி" என்றால் குறிப்பால் உணர்த்தாமல் சொல்லாகவே சொன்னது. ஒப்பந்தத்தில் வாடகை உயர்வு பற்றி ஒரு வரி இருந்தால் அது எக்ஸ்பிளிசிட்லி சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வரி படிக்கக் குழப்பமாக இருக்கலாம். அப்போது எக்ஸ்பிளிசிட்லி உண்டு, கிளியர்லி இல்லை. "பிளெய்ன்லி" என்பது பூசி மெழுகாமல் பேசுவது. "டிஸ்டிங்க்ட்லி" என்பது ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிவது. "ஐ டிஸ்டிங்க்ட்லி ஹேர்ட் டூ வாய்சஸ்" என்றால் இரண்டு குரல் தனித்தனியாகக் காதில் விழுந்தது. "லெஜிபிளி" என்பது எழுத்தின் தோற்றத்துக்கு மட்டும்: எழுத்துகள் படிக்கும்படி இருப்பது. அழகான கையெழுத்தில் புரியாத கடிதம் ஒன்றை எழுத முடியும் என்பதை நினைவில் வைத்தால் லெஜிபிளிக்கும் கிளியர்லிக்கும் உள்ள வேறுபாடு மறக்காது.

எங்கே எடுத்துவிட வேண்டும்

வாதம் செய்யும் எழுத்தில் கிளியர்லியின் இரண்டாவது வேலை தன்னையறியாமல் பெருகும். ஆதாரம் பலமாக இருக்கும் இடத்தில் அது தேவைப்படுவதில்லை. ஆதாரம் மெலிந்த இடத்தில்தான் கை தானாக அதைத் தேடுகிறது. "கிளியர்லி, தி பிளான் ஹேஸ் ஃபெயில்ட்" என்று எழுதும்போது, திட்டம் தோற்றது என்பதற்கு வாசகருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. ஒப்புக்கொள்ளும்படி அழுத்தம் மட்டும் கொடுக்கப்படுகிறது. சட்டக் கல்லூரிகளில் வாதுரை எழுதக் கற்பிப்பவர்கள் இச்சொல்லை வெட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான். நீதிபதிக்கு விஷயம் தெளிவாக இருந்தால் இச்சொல் வேண்டாம்; தெளிவாக இல்லையென்றால் இச்சொல்லால் தெளிவாகிவிடாது.

ஆனால் சட்டத்திலேயே கிளியர்லி கலைச்சொல்லாக வரும் இடமும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 52ஆம் விதி, விசாரணை நீதிமன்றம் கண்டறிந்த உண்மைகளை அவை "கிளியர்லி எரோனியஸ்" (பிழை என்பது திண்ணமாகத் தெரிபவை) ஆக இருந்தாலொழிய மேல்முறையீட்டில் தள்ளக் கூடாது என்கிறது. அங்கே அது ஒரு அளவுகோல். லேசான ஐயம் போதாது என்று பொருள். இப்படிப்பட்ட இடத்தில் அப்வியஸ்லி என்று மாற்றிப் போடும் உரிமை எவருக்கும் இல்லை.

அலுவலக மெயிலில் "ஆஸ் ஐ கிளியர்லி மென்ஷன்ட் இன் மை லாஸ்ட் மெயில்" என்ற வாக்கியம் சாதாரணமாகப் புழங்குகிறது. எழுதுகிறவர் நினைவூட்டுவதாக நினைக்கிறார். படிக்கிறவருக்கு "நீ சரியாகப் படிக்கவில்லை" என்ற கோபம் கேட்கிறது. "ஆஸ் ஐ மென்ஷன்ட் இன் மை மெயில் ஆஃப் மார்ச் 3" என்று தேதி போட்டால் கோபமும் போகும், தேடுவதும் எளிதாகும். மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ விளக்கிவிட்டு "ஆம் ஐ கிளியர்?" என்று கேட்பதும் அதே வகை. ஆங்கிலத்தில் அது மிரட்டலாக ஒலிக்கக்கூடிய கேள்வி. "டஸ் தட் மேக் சென்ஸ்?" என்பது பணிவானது.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், அகாடமிக் பிரிவு எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் 20 நிமிடத்தில் குறைந்தது 150 சொல்லில் ஒரு வரைபடத்தை விவரிக்க வேண்டும். அங்கே "ஓவரால், இட் இஸ் கிளியர் தட்" என்று ஒருமுறை தொடங்கி முக்கியப் போக்கைச் சொல்வதில் தவறில்லை. அதன்பின் ஒவ்வொரு வரியிலும் "தி நம்பர் கிளியர்லி இன்க்ரீஸ்ட்" என்று எழுதுவது வீண். எவ்வளவு கூடியது, எவ்வளவு வேகத்தில் கூடியது என்று அந்தச் சொல் எதையும் தெரிவிக்கவில்லை. "ஷார்ப்லி", "ஸ்டெடிலி", "ஸ்லைட்லி" ஆகியவற்றில் பொருத்தமானதைப் போட்டு, பக்கத்தில் வரைபடத்திலுள்ள எண்ணையும் எழுதுங்கள்.

எழுதி முடித்த ஆவணத்தைத் திருத்தும்போது கன்ட்ரோல், எஃப் விசைகளை அழுத்தி இச்சொல்லைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் வேலையைக் கண்டுபிடியுங்கள். செயலின் விதம் என்றால் சரியான இடத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடுங்கள். சொல்பவரின் முடிவு என்றால், அதே பத்தியில் அந்த முடிவுக்கான சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சொல்லை நீக்கிப் படியுங்கள். பெரும்பாலும் வாக்கியம் வலுவாகத்தான் இருக்கும். சான்று இல்லையென்றால் சொல்லை நீக்கினால் மட்டும் போதாது. சான்றைச் சேருங்கள், அல்லது "ப்ராபபிளி" என்று உறுதியைக் குறையுங்கள். கடைசியாக "நாட்" உள்ள வரிகளை மட்டும் தனியே ஒருமுறை படியுங்கள்.

உச்சரிப்பும் எழுத்தும்

தமிழில் சொல் முதலில் மெய்கள் இரண்டு சேர்ந்து வருவதில்லை என்பதால் நாம் நடுவில் ஓர் இகரம் சேர்த்துக் "கிளியர்" என்கிறோம். ஆங்கிலத்தில் ககர ஒலியும் லகர ஒலியும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வரும். தமிழில் ளகரம் போட்டு எழுதினாலும் ஒலி லகரத்துக்கு நெருக்கமானது. நாக்கை மேல்நோக்கி மடிக்கத் தேவையில்லை. அழுத்தம் முதல் பகுதியில் விழும், "லி" மெலிதாக முடியும். ரகர ஒலி அமெரிக்கப் பேச்சில் கேட்கும், லண்டன் பேச்சில் அநேகமாகக் கேட்காது. எழுத்துக்கூட்டு சி, எல், இ, ஏ, ஆர், எல், வை என 7 எழுத்து. "லி"க்கு ஒரே எல்தான்.

கைப்பழக்கத்துக்குச் சில வாக்கியங்கள்

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு விடையைப் பாருங்கள்.

"முகவரியைத் தெளிவாக எழுதவும்." ஏவல், செயலின் விதம்: "பிளீஸ் ரைட் யுவர் அட்ரஸ் கிளியர்லி." முகவரிக்கு முன்னால் கிளியர்லியைச் செருகாதீர்கள்.

"அவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்பது தெரிகிறது." பேசுகிறவரின் முடிவு: "ஹீ கிளியர்லி டஸ் நாட் லைக் திஸ் ஜாப்." இங்கே "டஸ் நாட்" என்ற துணைவினைக்கு முன்பே கிளியர்லி வருவதைக் கவனியுங்கள். எதிர்மறைத் துணைவினையோடு இந்த இடம்தான் இயல்பு.

"படம் தெளிவாக இருக்கிறது." பெயரின் தன்மை: "தி பிக்சர் இஸ் கிளியர்." லி வேண்டாம்.

"கடைசி நாள் எது என்று அறிவிப்பில் தெளிவாகக் குறிப்பிடவில்லை." ஏதோ குறிப்பிட்டிருக்கிறார்கள், புரியவில்லை என்றால் "தி லாஸ்ட் டேட் இஸ் நாட் கிளியர்லி மென்ஷன்ட் இன் தி நோட்டீஸ்." அறிவிப்பில் தேதியே இல்லை என்றால் "தி நோட்டீஸ் டஸ் நாட் மென்ஷன் தி லாஸ்ட் டேட்." தமிழில் இரண்டு நிலைக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட முடிகிறது. ஆங்கிலத்தில் எழுதும் முன் எது உண்மை என்று அறிவிப்பை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

"மேனேஜர் ஒப்புக்கொண்டுவிட்டாராம்." கிளியர்லிக்கு இங்கே இடமே இல்லை: "அப்பாரண்ட்லி தி மேனேஜர் ஹேஸ் அக்ரீட்."